நட்சத்திரம் கட்டாத வீடு

ஆட்டோ நின்றதும் பெர்னார்ட் முதலில் வாசலைத்தான் பார்த்தான்.

நட்சத்திரம் இல்லை.

மட்டாஞ்சேரியின் அந்தச் சந்து முழுக்கக் காகித நட்சத்திரங்கள் எரிந்துகொண்டிருந்தன. மூலை வீட்டுத் தையல்காரன்கூடக் கட்டியிருந்தான். நாளைக்குக் கிறிஸ்துமஸ். குவைத்திலிருந்து ஒன்றேகால் வருஷம் கழித்து வருகிறவனுக்கு இருட்டு வாசல்.

"என்னப்பா இது? கரண்டை வெட்டிட்டானா?"

சூசை மகனின் பையையும் அட்டைப் பெட்டியையும் இறக்கினார். மிளகுக் கிடங்கில் மூட்டை தூக்கிப் பழகிய தோள்.

"இந்த வருஷம் வேண்டாம்னு வெச்சோம்."

"நான் அனுப்பறதையெல்லாம் என்ன பண்றீங்க? ஒரு நட்சத்திரம் வாங்க மனசு வரலையா?"

அருளம்மாள் மகனுக்குச் சாயா கொடுத்தாள். அவன் குடித்து முடிப்பதற்குள் தரையில் உட்கார்ந்து பையைத் திறந்துவிட்டாள். நைலான் சேலை. அப்பாவுக்குக் கடிகாரம். சென்ட் பாட்டில். டார்ச். ஒவ்வொன்றையும் எடுத்துப் பார்த்துப் பாயில் வைத்தாள். கையை அடிவரைக்கும் விட்டுத் துழாவினாள். பக்கத்து ஜிப்பையும் திறந்தாள்.

"இவ்வளவுதானா?"

பெர்னார்டுக்கு முகம் சுண்டியது. "இன்னும் என்னம்மா வேணும்? தங்கமா?"

"வேற பை எதையாவது ஆட்டோவுல விட்டுட்டியா?"

"இல்லை."

அவள் கணவனைப் பார்த்தாள். சூசை சுவரைப் பார்த்தார்.

பெர்னார்ட் டேப் ரிக்கார்டரை அட்டைப் பெட்டியிலிருந்து எடுத்தான். இதைப் பார்த்தாலாவது வாயைத் திறப்பார்கள். கேசட்டைப் போட்டான். மணிகள் ஒலித்து, கூட்டமாகக் குரல்கள் எழுந்தன. சூசை வந்து பட்டனை அழுத்தி நிறுத்தினார்.

"சத்தம் வேண்டாம்."

"கிறிஸ்துமஸ் பாட்டுப்பா! சினிமாப் பாட்டா போட்டேன்?"

தெருக்கோடியில் கரோல் கூட்டத்தின் கொட்டுச் சத்தம் கேட்டது. வீடு வீடாக நின்று பாடிக்கொண்டு வந்தார்கள். சூசையின் வீட்டுக்கு முன்னால் கொட்டு சட்டென்று நின்றது. தலையைக் குனிந்துகொண்டு எல்லோரும் கடந்தார்கள். இரண்டு வீடு தள்ளி மறுபடி கொட்டு.

பெர்னார்ட் வெளியே ஓடினான்.

"எடா தோமா! எங்க வீடு கண்ணுக்குத் தெரியலையா? அப்பா சந்தா தரலையா?"

கூடப் படித்த தோமா திரும்பி வந்தான். குரலைத் தாழ்த்திக்கொண்டான்.

"சந்தாவா? துக்கம் உள்ள வீடல்லே மோனே? நினக்கு அறிஞ்ஞூடே, தெரியாதா?"

சாவு விழுந்த வீட்டில் அந்த வருஷம் நட்சத்திரம் கிடையாது, பாட்டு கிடையாது. அது பெர்னார்டுக்குத் தெரியும். ஆனால் யார்? உள்ளே அப்பா இருக்கிறார். அம்மா இருக்கிறாள். இந்த வீட்டில் வேறு ஆளே இல்லை. உள்ளே திரும்பி வந்தான்.

"யாருப்பா செத்தது?"

"எதிர்வீட்டு விசாலாக்ஷி," என்றார் சூசை. "மே மாசம்."

பெர்னார்ட் கேசட்டின் காலி டப்பாவை எடுத்து மூடினான். திறந்து மறுபடி மூடினான்.

"அந்த வெங்கிடாசலம் பொண்ணா? பாவம். என்னவாம்?"

"உனக்கு எழுதினாளா?"

"எனக்கெதுக்கு எழுதணும்? அவ முகம்கூட எனக்குச் சரியா ஞாபகமில்லை."

அருளம்மாள் கண்ணை மூடிக்கொண்டாள்.

"ஒண்ணும் புரியலை," பெர்னார்டின் குரல் உயர்ந்தது. "அவங்க வேற ஜாதி, வேற சாமி. அங்க பாருங்க, அவங்க வீட்டுலயே எல்லா விளக்கும் எரியுது. நாம எதுக்கு இருட்டுல உட்காரணும்? ஊர் சிரிக்காதா?"

வீம்பாக பட்டனை அழுத்தினான். பாட்டு முழுச் சத்தத்தில் வெடித்தது.

உள்ளறையில் ஒரு குழந்தை வீறிட்டது.

அவனே நிறுத்தினான்.

அருளம்மாள் எழுந்து போய்க் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு வந்தாள். பெண் குழந்தை. அழுகை அடங்கியதும் திரும்பி பெர்னார்டைப் பார்த்தது. அவனுடைய அதே அகன்ற நெற்றி. அதே ஒட்டிய காது.

"போன கிறிஸ்துமஸுக்குக் கரோல்காரங்க உள்ளே வந்து பாடினாங்க," என்றார் சூசை. "முடிச்சிட்டு எல்லாரும் போனாங்க. கூட்டத்தோட வந்த அவ மட்டும் போகலை. எதிர்வீட்டுல கதவைச் சாத்திட்டாங்க. மே மாசம் ஆஸ்பத்திரியிலிருந்து இது மட்டும்தான் திரும்பி வந்தது. மருமக செத்த வீட்டுல நட்சத்திரம் கட்டுவாங்களா?"

பெர்னார்ட் "ஏன் எனக்கு எழுதலை?" என்றான்.

"உங்கம்மாதான் வேண்டாம்னா. எம் பிள்ளைக்குத் தெரியும், நாம சொல்லி அவன் வரக்கூடாது, தானா வரணும்னு சொன்னா."

அருளம்மாள் குழந்தையைப் பாயில், அவன் கொண்டுவந்த சாமான்களுக்கு நடுவில் உட்காரவைத்தாள். காலிப் பையை மடிக்கத் தொடங்கினாள்.

"நீ போட் ஏறின அன்னைக்கு படகுத்துறையில வெச்சு உங்கிட்ட எல்லாம் சொன்னாளாமே," என்றாள். "அதான் தேடினேன், சின்னதா ஒரு சட்டையாவது இருக்குமான்னு."