கல்லாவைத் தாண்டினால்

பெவர்லிக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. திருடி! கூடவே இருந்து குழி பறிக்கும் திருடி!

தேவாலயம் நடத்தும் பழந்துணிக் கடை அது. ஊரார் தானமாகக் கொண்டுவந்து போடும் துணிகளைப் பின்னறையில் பிரிப்பார்கள். துணிகளின் பைகளைத் தடவிப் பார்ப்பது, கடை திறந்த நாளிலிருந்தே நோலீனின் வேலை. கிடைக்கும் சில்லறை, நோட்டு எல்லாம் நேராகக் கல்லாவுக்குப் போக வேண்டும். அதுதான் சட்டம்.

இன்று காலை, செத்துப்போன யாரோ ஒரு கிழவரின் கோட்டுக்குள்ளிருந்து நோலீன் ஐம்பது டாலர் நோட்டை உருவினாள். அக்கம்பக்கம் பார்த்தாள். ஏப்ரனுக்குள் திணித்துக்கொண்டாள்.

கடைப் பொறுப்பாளர் பெவர்லி, கதவிடுக்கில் நின்று அத்தனையும் பார்த்தாள். அங்கேயே கையைப் பிடித்திருப்பாள். அந்த நேரம் பார்த்துப் போதகர் போனில் கூப்பிட்டுத் தொலைத்தார். அவர் பேசி முடிப்பதற்குள் நோலீன் கல்லாவுக்கு வந்து, ஒரு இளம் பெண்ணுக்கு மழைக்கோட்டை மடித்துக் கொடுத்து, "குளிர்ல பார்த்துப் போ கண்ணு" என்று கொஞ்சி அனுப்பியும் விட்டாள். என்ன நடிப்பு!

போனை வைத்ததும் பெவர்லி அவளைப் பின்னறைக்கு இழுத்துப் போனாள்.

"ஏப்ரனைக் கவுத்துக் காட்டு."

"எதுக்கு?"

"காட்டுன்னா காட்டு!"

ஒரு கைக்குட்டையும் இருமல் மிட்டாயும் விழுந்தன. நோட்டு இல்லை.

"எங்கே ஒளிச்சு வச்சே?"

"எதை?"

"நடிக்காதே நோலீன்! செத்தவர் கோட்டுலேருந்து நீ எடுத்ததை என் கண்ணால பார்த்தேன். வெட்கமா இல்லே? அது ஆண்டவர் காசு!"

"ஆண்டவர் காசா?" நோலீனுக்கும் சுருக்கென்றது. "நாம அனுப்பற காசுல சபைத் தலைமை ஆபீஸுக்குக் கம்பளம் வாங்கிப் போட்டாங்களே, அது மேல ஆண்டவரா நடக்கறார்?"

"பேச்சை மாத்தாதே! கஷ்டம்னா என்னன்னு எனக்கும் தெரியும். காட்டுத்தீயில வீடு போயி, கட்டின துணியோட இந்த ஊருக்கு வந்தவ நான். இதே கடையில ஒரு பச்சைக் கோட்டு வாங்கினேன். வீட்டுக்குப் போய்ப் போட்டுப் பார்த்தா, பையில அம்பது டாலர்! அந்த வாரம் என் புள்ளைங்க அதுலதான் சாப்பிட்டுச்சுங்க. ஆனா அது நான் காசு குடுத்து வாங்கின கோட்டு. கல்லாவைத் தாண்டினா வாங்கினவங்க அதிர்ஷ்டம். தாண்டாத வரைக்கும் கடைக்கு. இந்த வித்தியாசம்கூடத் தெரியாமத்தான் இத்தனை வருஷம் இங்கே குப்பை கொட்டினியா?"

"தெரியும். நல்லாவே தெரியும்."

"தெரிஞ்சே எடுத்தியா? அப்ப இன்னும் மோசம். ஞாயித்துக்கிழமை ஆராதனை முடிஞ்சதும் எல்லார் முன்னாலயும் சொல்லத்தான் போறேன். சாவியைக் குடு."

நோலீனின் முகம் வெளுத்தது. புருஷன் போன பிறகு இந்தக் கடையை விட்டால் அவளுக்கு வேறு போக்கிடம் கிடையாது. அது பெவர்லிக்கும் தெரியும். தெரிந்தும் நீட்டிய கையை மடக்கவில்லை.

நோலீன் சாவியைக் கொடுத்தாள்.

அப்போது வாசல் மணி சிணுங்கியது. இருவரும் கல்லாவுக்கு வந்தார்கள். மழைக்கோட்டு வாங்கிப் போன அதே பெண். இடுப்பில் குழந்தை. வெளிக் குளிரில் ஓடி வந்ததில் மூச்சு வாங்கியது.

"மன்னிச்சுக்குங்க. இந்தக் கோட்டுப் பையில இது இருந்துச்சு. யாரோ மறந்து விட்டுட்டாங்க போல."

அவள் கையில் ஐம்பது டாலர் நோட்டு.

பெவர்லியின் வாய் பழக்கத்தில் பேசியது. "கல்லாவைத் தாண்டிடுச்சும்மா. இனிமே அது உன்னோடது."

சொல்லி முடித்த பிறகுதான் அவள் நோட்டைப் பார்த்தாள். பிறகு நோலீனைப் பார்த்தாள். நோலீன் மும்முரமாக ஒரு கம்பளித் தொப்பியை மடித்துக்கொண்டிருந்தாள்.

"நிஜமாவா? வீட்டுக் கரண்ட் கனெக்‌ஷனைப் பிடுங்கிட்டாங்க... இன்னிக்கே பில்லைக் கட்டினா..." அந்தப் பெண் நோட்டை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்தபடி ஓடினாள்.

கதவு சாத்திக்கொண்டதும் பெவர்லி சீறினாள். கோபம் ஒன்றும் குறைந்துவிடவில்லை.

"அப்போ இதுதான் நீ பண்ற வேலையா? ஊரான் காசை எடுத்துத் தர்மம் பண்ண உனக்கு யாரு அதிகாரம் குடுத்தா?"

"யாரும் குடுக்கலே."

"இன்னிக்கு மட்டுமா, இல்லே ரொம்ப நாளாவே நடக்குதா?"

"ஆரம்பத்துலேருந்தே."

"ஆரம்பத்துலேருந்தேவா! பையைப் பார்க்காமலே கோட்டை விக்கறாங்கன்னு நம்ம கடையைப் பத்தி நாலு பேர்..."

பெவர்லியின் கையிலிருந்த சாவி கனத்தது.

"நோலீன்... அந்தப் பச்சைக் கோட்டு... அதுல பை தடவிப் பார்த்தது யாரு?"

நோலீன் தொப்பியைக் கீழே வைத்தாள். அவள் குரலில் இன்னும் கோபம் இருந்தது.

"நான்தான். இத்தனை வருஷத்துல ஒரு பையையாவது நான் பார்க்காம விட்டிருக்கேனா, பெவர்லி?"