லியோனார்ட் அடித்த மருந்து

லியோனார்ட் முகத்தில் துண்டைக் கட்டிக்கொண்டு, முதுகில் சுமந்த டேங்கிலிருந்து மருந்து அடித்துக்கொண்டிருந்தார். எருமைகளை ஓட்டி வந்த தமீம் வேலியோரம் நின்றுவிட்டான். அவர் அடித்தது எருமைகள் மேய்கிற புல்லின் மேல்.

"மாட்ட உள்ள வுடாத பாய்," என்றார் வேலிக்கு அந்தப் பக்கமிருந்தே.

சடையங்குப்பத்தில் தமீமுக்கு மிச்சமிருந்த மேய்ச்சல் அந்த ஓர் இடம்தான். மற்றதையெல்லாம் கண்டெய்னர் யார்டுகள் வளைத்துக்கொண்டன. ரயில்வேயில் ஓய்வு பெற்ற லியோனார்ட் வீடு கட்ட வாங்கிப்போட்ட நிலம் அது. மனைவி போன பிறகு ஒற்றைத் தகர அறையோடு நிறுத்திவிட்டார். ஒண்டிக்கட்டைதான் என்றாலும் வாசலில் எப்போதும் இரண்டு நாற்காலி கிடக்கும்.

போன வாரம்தான் தமீம் அவரிடம் சொல்லியிருந்தான். மார்கழிக் குளிரில் புல் எழும்பவே இல்லை, எருமைகளுக்கு விலா தெரிகிறது, மீஞ்சூரில் மச்சான் வீட்டுப் பக்கமே ஓட்டிப் போய்விடலாம் என்று பார்க்கிறேன் என்று. லியோனார்ட் எழுந்து உள்ளே போய்விட்டார்.

அந்தக் கோபமா? அதற்காகப் புல்லில் விஷமா?

"நான்தான் போறேன்னு சொல்லிட்டேனே நைனா. வாயில்லாத ஜீவன் இன்னா பண்ணுச்சு?"

லியோனார்ட் துண்டை அவிழ்த்தார். விஷமில்லையாம். ஜிப்பரெலிக் அமிலமாம், பயிரை வளரவைக்கும் ஊக்கியாம். கால்நடை டாக்டரம்மாவிடம் விசாரித்து வாங்கினாராம். குளிரில் முடங்கிய புல்லை அது நிமிர்த்திவிடும், கூடவே உரமும் போட்டாயிற்று, கொஞ்ச நாள் மாடு வாய்வைக்காமல் விட்டால் கொளுக்கட்டைப்புல் முழங்கால் உயரம் வரும் என்றார்.

தமீமுக்கு விளங்கிவிட்டது. பெரியவர் சொந்தமாக மாடு வாங்கப் போகிறார். இடத்தைக் காலி செய் என்று சொல்ல மனம் வராமல்தான் அன்றைக்கு எழுந்து போயிருக்கிறார்.

எருமைகளை வந்த வழியே திருப்பினான். இத்தனை நாள் மேய விட்ட மனிதரிடம் கோபத்தைக் காட்டிவிட்டுப் போகவும் மனசில்லை.

"நல்லா வளரட்டும் நைனா. எத்தினி மாடு வாங்கப் போற?"

லியோனார்ட் டேங்கை இறக்கித் தரையில் வைத்தார்.

"எனக்கு மாடு இன்னாத்துக்கு பாய்? நீ பூட்டா நான் யார்கூட பேசறது?"