ஈரத் துணி

மனைவி இறந்து ஒரு மாதமாகிறது. அவள் பாதியில் விட்டுப்போன களிமண் முகம் காய்ந்துவிடக் கூடாதென்று, அவர் தினமும் காலையில் அதன்மேல் கிடக்கும் துணியை நனைத்துப் போர்த்துகிறார். பட்டறைக்குள் பாதி திறந்த சன்னல் வழியே வெயில், இன்னும் சுடாத சிலைகளின் தோள்களில் விழுகிறது. இன்று துணியை எடுத்ததும் அவர் கை அப்படியே நின்றுவிடுகிறது. கன்னத்தில் அவள் கட்டைவிரல் பதிந்த ரேகை பாதி கரைந்திருக்கிறது. "பச்சப்புள்ளய குளிப்பாட்டுற மாதிரி ஊத்தியிருக்கீங்களே மாமா," என்கிறாள் பின்னால் வந்து நின்ற மனைவியின் தங்கை, சிரிக்க முயன்று. "காய விடுங்க. காஞ்சாத்தான் சூளையில வைக்க முடியும். சுட்டுட்டா மிச்ச ரேகையாவது நிக்கும்." "காஞ்சிட்டா அப்புறம் உங்கக்கா எதையும் மாத்த முடியாதேம்மா," என்கிறார். சொன்ன பிறகுதான் அது அவர் காதிலேயே விழுகிறது. தங்கை முகத்தைத் திருப்பிக்கொள்கிறாள். அவர் துணியைப் பிழிந்து கொடியில் போடுகிறார். சன்னலின் இன்னொரு கதவையும் திறந்துவிடுகிறார். காற்று வந்து அந்த முகத்தில் படுகிறது.