எப்போதிலிருந்து கேட்கவில்லை

சத்தம் கேட்டால் கையைத் தூக்க வேண்டும். அவ்வளவுதான் வேலை.

கண்ணாடி அறைக்குள் ஹெட்போனை மாட்டிக்கொண்டு நாகலிங்கம் உட்கார்ந்திருந்தார். அந்தப் பக்கம் இருந்த பெண், தான் பொத்தானை அழுத்துவது தெரியாதபடி ஓர் அட்டையை வைத்து மறைத்திருந்தாள். கெட்டிக்காரி.

ஒரு சத்தமும் வரவில்லை. சும்மா இருந்தால் மானம் போகுமே என்று இரண்டு தடவை குத்துமதிப்பாகக் கையைத் தூக்கினார். அவள் உதட்டைப் பிதுக்கினாள்.

அரபு நாட்டில், அல் கூஸில் அவர் வேலை பார்க்கும் இரும்புப் பட்டறைக்கு வருஷா வருஷம் பரிசோதனை வண்டி வரும். காது மந்தம் என்று எழுதிவிட்டால் கிரேன் ரிமோட்டைப் பிடுங்கிக்கொள்வார்கள். அடுத்தது ஊருக்கு டிக்கெட்தான். காது போய்க்கொண்டிருப்பதை வெளியே சொல்லவும் முடியாது, திருடனுக்குத் தேள் கொட்டிய கதை.

அதற்குக் கூட வேலை பார்த்த ஐயப்பன்தான் வழி கண்டுபிடித்தான். தன் முறைக்குக் காத்திருப்பவன் போல வண்டி வாசலில் நிற்பான். நர்ஸ் பொத்தானை அழுத்தும்போதெல்லாம் மீசையைத் தடவுவான். நாகலிங்கம் கையைத் தூக்குவார். இப்படியே ஆறு வருஷம். ஆறு வருஷமும் பாஸ்.

அடுத்த மாதம் வண்டி வருகிறது. மீசையைத் தடவ ஐயப்பன் இல்லை.

அதனால்தான் லீவு போட்டுவிட்டு இந்த ஆஸ்பத்திரிக்கு ஓடி வந்திருந்தார். காது மெஷினை இன்சூரன்ஸில் வாங்கிவிட்டால் பிழைப்பு தப்பிக்கும். சொந்தக் காசில் வாங்குவதெல்லாம் நடக்கிற காரியமா?

அதற்காகத் தான் முழுச் செவிடு என்று அவர் ஒருநாளும் நினைத்ததில்லை. ஹெட்போனில் வரும் கொசு முனகல்தான் கேட்காது, மனிதக் குரல் கேட்கும். ரூமில் எல்லோரோடும் பேசிச் சிரித்துக்கொண்டுதானே இருக்கிறார்!

வெளியே இன்சூரன்ஸ் கவுண்டரில் இருந்த விமல், திருச்சிக்காரன், கம்ப்யூட்டரைப் பார்த்துவிட்டு முகமெல்லாம் பல்லாகத் திரும்பினான்.

"அண்ணே, உங்களுக்கு யோகம்ணே! போன வருஷ ரிப்போர்ட்ல காது பக்காவா இருக்கு. அப்ப இது இந்த வருஷம் வேலையில போன காது. பழைய கோளாறுன்னா ஒரு பைசா தேறாது. இதுக்கு முழுசா குடுத்துருவாங்க. சைட்ல ஏதாச்சும் விபத்து நடந்துச்சா?"

நடந்தது. நான்கு மாதத்துக்கு முன்பு.

தலையாட்டிவிட்டு, போனில் இருந்த கம்பெனியின் விபத்து அறிக்கையை எடுத்துக் கொடுத்தார். இங்கிலீஷில் இருந்தது. கையெழுத்துப் போட்டதோடு சரி, அவர் படித்ததில்லை.

அதற்குள் அந்தப் பெண் வந்து, போட்டுப் பாருங்கள் என்று சைகை காட்டி, இரண்டு காதிலும் மெஷினைப் பொருத்தினாள்.

அடேயப்பா! ஏசி இரைந்தது. யாரோ செருப்பைத் தேய்த்து நடந்தார்கள். நாற்காலி கிறீச்சிட்டது. உலகத்தில் இவ்வளவு சத்தமா?

"அண்ணே!"

முதுகுக்குப் பின்னாலிருந்து குரல். சட்டென்று திரும்பினார். அவர் பார்க்காத நேரத்தில் விமல் எழுந்து வாசல் பக்கம் போய் நின்றிருந்தான்.

"இப்பத்தான் திரும்புறீங்க. காலையில நீங்க உள்ள வந்தப்பவும் இதே இடத்துல நின்னு மூணு தடவை கத்துனேன். இருக்குறவங்க எல்லாம் திரும்பிப் பாத்தாங்க, நீங்க பாக்கல." பெண் சொன்ன எதையோ கேட்டுக்கொண்டு அவனே தமிழில் சொன்னான். "நீங்க காதால கேக்கலையாம்ணே, எதிராளி வாயப் பாத்துப் புரிஞ்சுக்கிறீங்களாம். மூஞ்சி தெரியலன்னா ஒண்ணுமே கேக்காதாம்."

நாகலிங்கம் கவுண்டரில் கிடந்த தன் போனைக் காட்டினார்.

"படி," என்றார். "அந்த அறிக்கையைப் படி."

விமல் ஒவ்வொரு வரியாகத் தமிழில் சொல்லிக்கொண்டே போனான். கிரேனில் தொங்கிய இரும்புத் தகட்டை இறக்கியபோது, தகட்டுக்கு மறுபக்கம் நின்ற தொழிலாளி ஐயப்பன் அதனடியில் சிக்கி இறந்தார். சாப்பாட்டு நேரம், வேறு சாட்சி இல்லை. நிறுத்தச் சொல்லி அவர் குரல் கொடுக்கவில்லை. ரிமோட் வைத்திருந்த நாகலிங்கத்தின் வாக்குமூலம்: கூப்பிட்டிருந்தால் எனக்குக் கேட்டிருக்கும். அவருடைய காது நன்றாக இருப்பதற்கான சான்றிதழ் இணைக்கப்பட்டுள்ளது. தவறு இறந்தவருடையது. நஷ்டஈடு இல்லை.

கடைசி வரிகளில் விமலின் குரல் இறங்கிவிட்டது. அதுவும் நன்றாகக் கேட்டது.

பொய் சொல்லவில்லை அவர். அதுதான் கொடுமை. குலதெய்வத்தின் மேல் ஆணையாக, கூப்பிட்டிருந்தால் கேட்டிருக்கும் என்றே நம்பினார். ஐயப்பனின் மனைவி ஜலஜா வீடியோ காலில் அழுதபோதும் அதையேதான் சொன்னார்.

"அண்ணே, அவரு ஏண்ணே ஒரு சத்தங்கூடக் குடுக்கல?" என்று அவள் கேட்டாள். "கவனிக்காம நின்னுட்டாம்மா" என்றார் இவர்.

விமல் விண்ணப்பத்தை நகர்த்தி ஒரு கட்டத்தைக் காட்டினான். எப்போதிலிருந்து கேட்கவில்லை?

"விபத்து நடந்த தேதியப் போடுங்கண்ணே. முடிஞ்சுது."

பேனாவை வாங்கினார். ஆறு வருஷத்துக்கு முந்தைய தேதியை எழுதி, கீழே கையெழுத்தும் போட்டார்.

"ஐயையோ! என்னண்ணே பண்ணிட்டீங்க? மெஷினும் போச்சு, வேலையும் போச்சு!"

நாகலிங்கம் இரண்டு மெஷினையும் கழற்றி மேஜைமேல் வைத்தார். விமலின் வாய் அசைந்துகொண்டே இருந்தது. அவர் அதைப் பார்க்கவில்லை.

"இதுல ஒரு காப்பி குடுப்பா," என்றார். "ஜலஜாவுக்கு அனுப்பணும். அவன் சத்தம் குடுத்திருப்பான்."