கிழட்டு ஜீப்பும் புது வின்ச்சும்

நாலு சக்கரமும் இழுக்கிற கிழட்டு ஜீப் ஒன்றுக்குக் காடுமேடு சுற்றும் ஆசை வந்தது. இரும்புக்கடையில் சண்டை போடாத குறையாய்ப் பேரம் பேசி, சேற்றிலிருந்து வண்டியை இழுக்கும் வின்ச் ஒன்றை வாங்கியது. புது பம்பர் வாங்க மட்டும் மனசு வரவில்லை. பழைய பம்பரின் துருவின் மேலேயே கறுப்புப் பெயிண்டை அடித்து, வின்ச்சை அதில் மாட்டிக்கொண்டது.

"அண்ணே, பம்பர் தாங்குமா?" என்றது வின்ச்.

"வந்த அன்னைக்கே கேள்வியா? கல்லு மாதிரி இருக்குடா!" என்று சீறியது ஜீப்.

காட்டாற்றில் இறங்கியதும் சக்கரங்கள் மணலில் புதைந்தன. வெள்ளம் ஏறியது. "இழுடா தம்பி!" என்று ஜீப் அலறியது. வின்ச் கரையோர மரத்தில் கயிற்றை வீசி மாட்டி, கண்ணை இறுக மூடி, தம் கட்டி இழுத்தது.

படார்! பம்பரும் வின்ச்சுமாகத் தன் மூஞ்சியே பிய்ந்து கரைக்குப் போவதை ஜீப் ஆற்றில் புதைந்தபடியே பார்த்தது.

மரத்தடியில் வின்ச் கண்ணைத் திறக்காமலே கேட்டது: "கரையேறிட்டோம்ணே! எப்படி நம்ம இழுவை?"