பல் டாக்டர் வீட்டுச் செருப்பு

பெண் பார்க்க வந்த மூன்று பெண்களும் கிளம்பலாம் என்று வாசலுக்கு வந்தபோது, அங்கே அவர்களுடைய செருப்புகள் இல்லை.

மூன்று ஜோடி. அதில் ஒன்று இஸ்தான்புல்லிலிருந்து வரவழைத்த குதிகால் செருப்பு. மாப்பிள்ளையான பல் டாக்டரின் அம்மாவுடையது. கடைசியில் அந்த அம்மாள், பெண்ணின் அப்பா ரவ்ஷன் தோட்டவேலைக்குப் போடும் ரப்பர் ஷூவை மாட்டிக்கொண்டு, தெருவே வேடிக்கை பார்க்கக் காருக்குப் போனாள். சம்பந்தம் அத்தோடு முறிந்தது. மறுநாள் காலையில் புகாரோடு இன்ஸ்பெக்டர் வந்துவிட்டார்.

யார் எடுத்தது என்று யாரும் கேட்கவில்லை. மர்கிலான் ஊரின் அந்தப் பேட்டையில் எது உடைந்தாலும், எது தொலைந்தாலும் ஒரே பெயர்தான். ஒய்பெக், வயது பன்னிரண்டு, முவத்தரின் மகன்.

நான்கு வருஷத்துக்கு முன் முவத்தர் ரவ்ஷனை மறுமணம் செய்துகொண்டபோது இவனையும் கையோடு கூட்டி வந்தாள். வந்த முதல் வாரமே பள்ளிக்கூடத்து ஜன்னல் மூன்று காலி. ரவ்ஷனின் இறந்துபோன மூத்த மனைவி விட்டுச் சென்ற மகள் நிகோரா, அவனைப் பெயர் சொல்லிக்கூடக் கூப்பிடமாட்டாள். “உங்க மகன் என் சீப்பை உடைச்சுட்டான் சித்தி” என்பதோடு சரி.

இந்த வருஷம் நிகோராவுக்கு வரன்கள் வர ஆரம்பித்ததும் பையன் ஒரேயடியாக ஆடிவிட்டான். எண்ணெய் மில்காரர் வீட்டார் வந்தபோது, பலகாரம் பரப்பிய விரிப்பின் மேல் கிடாவை ஓட்டிவிட்டான். ஜவுளிக்கடைக்காரர் வீட்டாரிடம் வலியப் போய், “எங்க அக்கா ராத்திரி தூக்கத்துல நடந்துபோய்க் கோழியைப் பச்சையாவே தின்னும்” என்றான். இப்போது செருப்பு.

ஊர் வாய் சும்மா இருக்குமா? “பையன் தானாவா செய்றான்? மூத்தாள் பொண்ணு வாழக் கூடாதுன்னு சித்திக்காரி ஏவி விடுறா” என்று ரொட்டிக் கடை வரிசையில் முவத்தரின் காதுபடவே பேசினார்கள். அந்தப் பெண்ணுக்கு ஒரு நல்லது நடக்க வேண்டுமென்று அவள் எவ்வளவு தவிக்கிறாள் என்பதை யாரிடம் சொல்வது?

“இது மூணாவது புகார்மா,” என்றார் இன்ஸ்பெக்டர். “சாயங்காலத்துக்குள்ள செருப்பு வரலைன்னா நான் எழுதித்தான் ஆகணும். அடங்காத பசங்களுக்குன்னு ஊருக்கு வெளிய விடுதி இருக்கு. உள்ள போனா பதினாறு வயசுலதான் வெளிய விடுவாங்க.”

“எதுக்கு சார் சாயங்காலம் வரைக்கும்? இப்பவே எழுதுங்க. நான் கையெழுத்துப் போடறேன்,” என்றான் ரவ்ஷன்.

முவத்தர் மகனைப் பிடித்து உலுக்கினாள். “அக்கா உனக்கு என்னடா கெடுதல் பண்ணினா? சொல்லித் தொலையேன்!”

ஒய்பெக் அவள் பிடியை உதறிக்கொண்டு சுவரோரம் ஒதுங்கினான். நிகோரா முகத்தை மூடிக்கொண்டு கொல்லைப்புறம் ஓடினாள். கொஞ்ச நேரத்தில் பையனும் அந்தப் பக்கமே நழுவினான்.

முவத்தர் மகன் போன திசையைப் பார்த்தாள். பெற்ற மனம் கேட்கவில்லைதான். ஆனால் இவன் வீட்டில் இருக்கும்வரை அந்தப் பெண்ணுக்குக் கல்யாணம் ஆகாது.

“எழுதிக்குங்க சார். அவளாவது நல்லா இருக்கட்டும்,” என்று சொல்லிவிட்டு, மகனைத் தேடிக் கொல்லைக்குப் போனாள்.

தந்தூர் அடுப்புக்குப் பின்னாலிருந்து கிசுகிசுப்பாகப் பேச்சுக் கேட்டது.

“ஒரே ஒரு ஒத்தைச் செருப்பைத்தானேடா ஒளிக்கச் சொன்னேன்? மூணு ஜோடியையுமா அள்ளுவே?”

“எது யாரோடதுன்னு தெரியலைக்கா.”

“போதும்டா. நான் போய் எல்லாத்தையும் சொல்லிடறேன். கிடா, கோழி, செருப்பு எல்லாமே நான் சொல்லித்தான் நீ செஞ்சேன்னு சொல்லிடறேன்.”

“பேசாம இரு. ஞாயித்துக்கிழமை உனக்குப் பிடிச்ச அந்த வாத்தியார் வீட்டுல இருந்து வர்றாங்க. உன் பேர் கெட்டா வருவாங்களா? என் பேர்தான் ஏற்கெனவே கெட்டுக் கிடக்கே!”

நிகோரா அவனைக் கட்டிக்கொண்டு அழுதாள்.

முவத்தர் இருமினாள். இரண்டு பேரின் கண்ணும் தந்தூரின் வாய்க்குப் போனது. அவள் நெருப்பு மூட்டாத தந்தூருக்குள் கையை விட்டு மூன்று ஜோடியையும் எடுத்துக் குழாயடியில் நன்றாக நனைத்தாள். தண்ணீர் சொட்டச் சொட்ட இன்ஸ்பெக்டர் முன்னால் கொண்டுபோய் வைத்தாள்.

“நான்தான் சார் எடுத்தேன். விருந்தாளிங்க செருப்பெல்லாம் சேறா இருந்துச்சு. கழுவி அடுப்போரமாக் காய வெச்சேன். பலகாரம் சுடுற அவசரத்துல மறந்தே போச்சு.”

நேற்றுக் கழுவியதாகச் சொல்லியும் இன்னும் சொட்டிக்கொண்டிருந்த செருப்பை இன்ஸ்பெக்டர் பார்த்தார், அவளைப் பார்த்தார். விருந்தாளியின் செருப்பைச் சுத்தம் செய்து வைப்பது அந்த ஊரில் புண்ணியம். அதைத் திருட்டு என்று எழுத எந்த இன்ஸ்பெக்டருக்குக் கை வரும்? நோட்டை மூடிக்கொண்டு எழுந்தார்.

“அதை அப்பவே சொல்லித் தொலைக்கக் கூடாதா?” என்று தலையில் அடித்துக்கொண்டு ரவ்ஷனும் அவரோடு வெளியே போனான்.

மதியம், புலாவுக்குக் கேரட் நறுக்கிக்கொண்டிருந்தவள் முன்னால் வந்து நின்றாள் நிகோரா. அவள் முதுகுக்குப் பின்னால் ஒய்பெக்.

“எதுக்கு சித்தி பொய் சொன்னீங்க? பழி உங்க மேல வந்துருச்சே.”

முவத்தர் கத்தியை நிறுத்தாமலே சொன்னாள்.

“அந்த டாக்டரோட அம்மா, சந்தையில குதிரை பார்க்கிற மாதிரி என் மகளை வாயைத் திறக்கச் சொல்லிப் பல்லை எண்ணினா பாரு... நீங்க எடுக்கலேன்னா அந்தச் செருப்பை நானே எடுத்திருப்பேன்!”