கண்ணை மூடினால் ஆமாம்

கட்டிலோரக் கம்பியிலிருந்து பழைய பெட்டியைக் கழற்றிய மகள், அதே இடத்தில் புதியதை மாட்டினாள்.

"வெளியே பாத்தா ரெண்டும் ஒரே மாதிரிதானடி இருக்கு," என்றாள் அம்மா. "இதுக்கா சோறு தண்ணி மறந்து ஆபீஸே கதின்னு கிடந்தே?"

மகளுக்குச் சிரிப்பு வந்தது. பெட்டிக்குள் மூளையாக இருக்கும் பிராசசரை உருவாக்கிய குழுவில் அவளும் ஒருத்தி.

கட்டிலில் அப்பா. கழுத்துக்குக் கீழே எதுவும் அசையாது. குரலும் போய்விட்டது. கண் மட்டும்தான் மிச்சம். பெட்டியின் திரையில் உள்ள எழுத்துகளை அவர் ஒவ்வொன்றாகப் பார்க்கப் பார்க்க, பெட்டி அவற்றைக் கோத்து வாய்விட்டுச் சொல்லும்.

சொல்லும் என்று பேர்தான். பழைய பெட்டி ஓர் எழுத்துக்கும் அடுத்த எழுத்துக்கும் நடுவே உட்கார்ந்து யோசிக்கும். ஒரு வாக்கியம் வெளியே வருவதற்குள் அடுப்பில் வைத்த பால் பொங்கி வழிந்துவிடும்.

அம்மாவுக்கு அவ்வளவு பொறுமை ஏது? இரண்டு எழுத்தைப் பார்த்ததுமே முந்திக்கொள்வாள். "தண்ணிதானே?"

அவர் கண்ணை மூடுவார். மூடினால் ஆமாம் என்று அர்த்தம். அது அவர்களுக்குள் ஏற்பாடு. பாதியில் நிற்கும் எழுத்துகளை அழித்துவிட்டு அவள் சிரித்துக்கொண்டே தண்ணீர் எடுக்கப் போவாள்.

சலூன் வைத்திருந்த மனிதர். ஒருத்தருக்கு முடி வெட்டி முடிப்பதற்குள் உலக வழக்கு அத்தனையையும் தீர்த்துவைத்துவிடுவார். கல்யாணமான நாளிலிருந்து வீட்டில் அவளுக்குப் பேச இடம் கிடைத்ததில்லை. இப்போது இரண்டு பேருக்கும் சேர்த்து அவளே பேசினாள். டாக்டர் அவரைக் கேட்டாலும் பதில் அவளிடமிருந்துதான் வரும். அக்கம்பக்கத்தில் அவளுக்கு வக்கீலம்மா என்றே பேர் விழுந்துவிட்டது. அதில் அவளுக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு.

"இது மட்டும் எப்படிடி வேகமாப் போகும்?"

"புதுசா எதையும் கண்டுபிடிச்சுடலம்மா. பழசோட அமைப்புதான். இழைச்சு இழைச்சு சரி பண்ணினோம். அடிக்கடி வேண்டியதைக் கைக்கெட்டுற தூரத்துல வச்சோம். அப்புறம், அடுத்து என்ன வேலை வரும்னு முன்னாடியே யூகிச்சு ஆரம்பிச்சுடும்."

"நான் செய்யறதைத்தான் செய்யுதுன்னு சொல்லு."

"கிட்டத்தட்ட. பழசும் யூகிக்கும். ஆனா யூகம் தப்புன்னு அதுக்குத் தெரியறதுக்கே நேரமாகும். அதுக்குள்ள தப்பான வழியில ரொம்ப தூரம் போயிருக்கும். செஞ்சதையெல்லாம் கொட்டிட்டுத் திரும்பி வரணும். இது தப்பு பண்றதே கம்மி. பண்ணினாலும் சட்டுனு தெரிஞ்சுக்கும்."

"எனக்கு அந்தத் தொல்லையே இல்ல. இதுவரைக்கும் ஒண்ணுகூடத் தப்பினதில்ல. வேணும்னா உங்கப்பாவையே கேளு."

அப்பா கண்ணை மூடித் திறந்தார்.

"பாத்தியா?" என்றாள் அம்மா.

வெயில் தாழ்ந்தது. தெருவில் சத்தம் ஏறியது. எதிர்ச்சாரியில் இருப்பது அவருடைய சலூன்தான். இப்போது வேறொருத்தர் நடத்துகிறார். வேலை விட்டு வருகிறவர்கள் அங்கே கூடுவார்கள். பேச்சு வளரும், ஒருத்தர் காலை ஒருத்தர் வாருவார்கள், சிரிப்பு வெடிக்கும். ஒரு காலத்தில் அந்தச் சிரிப்பில் பாதி அவர் கிளப்பிவிட்டது.

அதைக் கேட்டால் அவர் மனசு என்ன பாடுபடும் என்று அம்மாவுக்குத் தெரியாதா? தினமும் இந்த நேரத்தில் அவர் கண் ஜன்னலுக்கும் திரைக்குமாக அலையும். "சாத்திடட்டுமா?" என்பாள். அவர் கண்ணை மூடுவார். சாத்திவிடுவாள்.

இன்றைக்கும் எழுந்தாள். ஜன்னலில் கை வைத்துத் திரும்பினாள். அவர் கண் திரைக்குப் போய்விட்டிருந்தது.

"ஜன்னலைத்தானே? இதோ..."

"சாத்தாதே," என்றது பெட்டி, யாரோ ஒருத்தர் குரலில்.

அவள் கை அப்படியே நின்றது.

"புதுசு இல்லையாம்மா," என்றாள் மகள் அவசரமாக. "அப்பா பார்வைக்கு இன்னும் சரியாப் பொருத்தல. ஏதோ தப்பா எடுத்திருக்கும்."

அம்மா அவள் பக்கம் திரும்பவே இல்லை. கட்டிலருகே வந்து நின்றாள்.

"என்னங்க, தினமும் கேட்டுட்டுத்தானே சாத்தினேன்? ஆமான்னுதானே கண்ணை மூடினீங்க?"

அவர் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

தலைமாட்டில் தண்ணீர் டம்ளர் இருந்தது. காலையில் அவள் வைத்தது. அதைப் பார்த்தாள். முதுகுக்குக் கீழே அவள் செருகிய தலையணையைப் பார்த்தாள். அவருக்குக் குளிருமே என்று இழுத்துப் போர்த்திய போர்வையைப் பார்த்தாள்.

"அப்போ தண்ணியுமா?"

அவர் கண்ணை மூடவில்லை.

எதிரே சலூனில் யாரோ ஏதோ சொல்ல, கூட்டமே கொல்லென்று சிரித்தது. திறந்த ஜன்னல் வழியாக அது உள்ளே வந்து அறை முழுக்க நிறைந்தது.

அவர் கண் மெல்லத் திரைக்குப் போனது. என்ன சொல்ல வருகிறார் என்று இந்த முறை அவள் யூகிக்கவில்லை. வாயைச் சேலைத் தலைப்பால் பொத்திக்கொண்டு நின்றாள்.

"கண்டுபிடிச்சுட்டேன்னு சிரிப்பே. அதைப் பாக்கத்தான் கண்ணை மூடினேன்," என்றது பெட்டி.

சொல்லி முடிக்க அதற்கு ஒரு மூச்சு நேரம்கூடப் பிடிக்கவில்லை.